பிள்ளைக்குத் தீராத தாகமா? அன்றைக்கே ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பற்றி, செங்கோட்டை தொடங்கி நீலகிரிக் கூடலூர் வரை கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். குழந்தைகள் நல மருத்துவரும் நீரிழிவுப் பராமரிப்பு கற்றுத்தரும் செவிலியரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளின் நலன் கருதிப் பெயர்களை நீக்கியிருக்கிறோம். இங்கே வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. நம் ஊர் லேப் சீட்டிலும் இதே கணக்குதான்.

என் மகனுக்கு 13 வயது. மூன்று வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று அலைகிறான். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போகிறான். போன வாரம் இரண்டு நாள் பாயிலேயே போய்விட்டான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான், ஆனாலும் பள்ளிக்கூடத்து பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. உடம்புச் சூடு என்று மாமியார் நன்னாரி சர்பத் போட்டுக் கொடுக்கிறார். திங்கட்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். சரிதானே?
ஒரு தாய், செங்கோட்டை

திங்கட்கிழமை வரை வேண்டாம் அம்மா. பையன் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் இன்றைக்கே விரல் நுனியில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். கடிதம் கிடைத்ததுமே உங்களுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டோம். இங்கே அச்சிடுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக.

ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதைத் தொடர்ந்து நாக்கு வறளும் தாகம். தாகத்தால் சிறுநீர் அதிகமாகிறது என்று வீடுகளில் நினைக்கிறோம், நடப்பது தலைகீழ். இன்சுலின் இல்லாததால் சாப்பிட்ட சாப்பாட்டின் சக்தி தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் செலவழிக்கிறது. நன்றாகச் சாப்பிடும் பிள்ளை இளைப்பது இதனால்தான்.

நீங்கள் எழுதியதில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது படுக்கை நனைந்தது. பல வருடம் முன்பே நின்றுபோன பழக்கம் 13 வயதில் திரும்புவதைப் பயம், கனவு, சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பது, பார்வை மங்கி கரும்பலகை தெரியவில்லை என்பது, பெண் பிள்ளைகளுக்குப் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப அரிப்பும் வெள்ளைப் படிவும் வருவது, விளையாட்டில் முன்னால் நின்றவன் ஓரமாக உட்கார்ந்துவிடுவது ஆகியவையும் இதே சங்கதியின் மற்ற முகங்கள். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை.

வெறும் வயிற்றில் எடுப்பது, அறிகுறி எதுவும் இல்லாமல் பரிசோதிக்க வருபவர்களுக்கான முறை. அறிகுறி உள்ள பிள்ளைக்கு எந்த நேரத்து ரத்தமும் போதும். எந்நேரமானாலும் 200 அல்லது அதற்கு மேல் இருந்து, மேலே சொன்ன அறிகுறிகளும் இருந்தால் அது சர்க்கரை நோய்தான். வேறு நாள் வேறு பரிசோதனை என்று இழுக்கக் கூடாது. அன்றைக்கே குழந்தை மருத்துவர் உள்ள, உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்குத் தென்காசி அரசு மருத்துவமனை பக்கம். அங்கே சிறுநீரில் கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலக் கழிவு, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கீட்டோன் இருந்தால் பிள்ளையின் ரத்தம் அமிலமாகத் தொடங்கியிருக்கலாம். அதன் பிறகு அவகாசம் நாள் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில்தான். எண் 200க்குக் கீழே, 140க்கு மேலே என்று நடுவில் வந்தாலும் அன்றே நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் உறுதி செய்து, மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை முற்றிலும் சரியாக இருந்து, தாகமும் சிறுநீரும் மட்டும் தொடர்ந்தால் அதையும் விட வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து ஒரு முழுநாளில் எவ்வளவு குடிக்கிறான் என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். மூளையடிச் சுரப்பி, சிறுநீரகம் சார்ந்த வேறு காரணங்களும் உண்டு.

சர்பத், பாட்டில் குளிர்பானம், பழச்சாறு, குளுக்கோஸ் பொடி கலந்த தண்ணீர் எல்லாவற்றையும் இந்த நிமிடமே நிறுத்துங்கள். தாகத்துக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்தால் சர்க்கரை ஏறும், தாகம் இன்னும் கூடும். ஆனால் வெறும் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. பாய் நனைகிறதே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்காத வீடுகள் உண்டு. பிள்ளையின் உடம்பில் ஏற்கெனவே வற்றியிருக்கும் நீரை அது இன்னும் வற்ற வைக்கும்.

ஒன்றை உங்கள் மாமியாரிடமும் சொல்லிவிடுங்கள். அவர் கொடுத்த சர்பத்தாலோ, நீங்கள் வாங்கித் தந்த மிட்டாயாலோ, இப்படிச் சில வாரங்களில் முற்றும் ‘டைப் 1’ சர்க்கரை நோய் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புசக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருகிறது. யார் மேலும் குற்றம் இல்லை.

என் அக்கா மகளுக்கு 15 வயது. வாந்தியும் வயிற்றுவலியும் என்று எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். அல்சர் என்று ஊசி போட்டார்கள். மறுநாள் கீழே ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ராத்திரி மூச்சு வாங்கி, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சுகர் 500க்கு மேல் என்றார்கள். இப்போது இன்சுலின் போட்டு நன்றாக இருக்கிறாள். இதை முதல் நாளே கண்டுபிடித்திருக்க முடியாதா?
தோட்டத் தொழிலாளி, மூணாறு

முடியும். விரலில் ஒரு குத்து, ஒரு ஸ்டிரிப், அரை நிமிடம். பிள்ளை பிழைத்து வந்தது எங்களுக்கும் பெரிய ஆறுதல்.

இன்சுலின் அறவே இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அதன் கழிவாகக் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. அந்த அமிலம் வாந்தியையும் கடும் வயிற்றுவலியையும் உண்டாக்கும். குடல்வால் என்று அறுவைச் சிகிச்சை வரைக்கும் யோசிக்க வைக்கிற வலி அது. அமிலத்தை வெளியேற்ற உடம்பு ஆழமாக, வேகமாக மூச்சு விடும். அதைப் பார்த்து ஆஸ்துமா, நிமோனியா என்று நினைத்துவிடுவார்கள். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வரும். அடுத்து மயக்கம். இதற்குக் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத பிள்ளைகளிடம் முதல் அடையாளமாக இதுவே வந்து நிற்பது நம் நாட்டில் அரிதல்ல.

சாதாரண வாந்தி பேதியோடு இதைப் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வாந்தியெடுத்து உடம்பில் நீர் வற்றிய பிள்ளைக்குச் சிறுநீர் குறைய வேண்டும். வாந்தியும் இருக்கிறது, நாக்கும் காய்ந்திருக்கிறது, அப்படியும் சிறுநீர் தாராளமாகப் போகிறது என்றால் சர்க்கரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பேதி இல்லாத வாந்தி, காய்ச்சலும் சளியும் இல்லாமல் மூச்சிரைப்பு, இவையும் அதே பக்கம் கைகாட்டுபவை. முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை இளைத்ததா, தண்ணீர் அதிகம் குடித்ததா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

குளுக்கோஸ் பாட்டில் விஷயம் முக்கியமானது. சோர்ந்த பிள்ளைக்கு ‘ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்’ என்று நாமே கேட்டு வாங்குகிறோம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஒன்றில், அதாவது 500 மில்லியில், 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே 500ல் நிற்கிற பிள்ளைக்கு அது நேராக ரத்தத்தில் போகிறது. ஆகவே டிரிப்ஸ் போடுவதற்கு முன்னால், ‘ஒரு தடவை சுகர் பார்த்துட்டுப் போடுங்க’ என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல; எந்த நல்ல மருத்துவரும் மறுக்கமாட்டார்.

முறையான சிகிச்சையில் முதலில் உப்பு நீரான நார்மல் சலைனைக் கணக்குப் பார்த்து ஏற்றுவார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்து இன்சுலினைத் துளித்துளியாக நரம்பில் செலுத்துவார்கள். பொட்டாசியத்தை அடிக்கடி அளப்பார்கள். இன்சுலின் உள்ளே போகப் போக அது குறைந்து இதயத் துடிப்பைக் கெடுக்கும். சர்க்கரை 300, 250 என்று இறங்கிய பிறகு குளுக்கோஸ் கலந்த திரவத்தைச் சேர்ப்பார்கள். அது தவறில்லை. இன்சுலினை நிறுத்தாமல் அமிலத்தைக் குறைக்க அது தேவை. எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தால் மூளையில் வீக்கம் வரும் ஆபத்து இருப்பதால் மணிக்கு மணி கண்காணிப்பு வேண்டும். சின்ன கிளினிக்கில் இதைச் செய்ய முடியாது.

மலையில் இருப்பவர்கள் நேராகத் தேனிக்கோ கோட்டயத்துக்கோ இறங்கிவிடலாம் என்று கிளம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் மணிக்கணக்காகப் போகும் வண்டியில் பிள்ளைக்குச் சலைன் இல்லை, மூச்சைப் பார்ப்பவர் இல்லை. பக்கத்தில் உள்ள தாலுகா ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் கீட்டோனும் பார்த்து, சலைன் தொடங்கி, அங்கிருந்து 108 வண்டியில் மேல் சிகிச்சைக்குப் போவதே பத்திரம். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு. எல்லை ஓரத்தில் கைபேசிச் சிக்னல் எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போய்விடலாம். அதனால் ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், 72 கிலோ. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் மாதிரி தடித்திருக்கிறது. கடலை மாவும் எலுமிச்சையும் தேய்த்துப் பார்த்தாச்சு, போகவில்லை. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். அவளுடைய அப்பாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை உண்டு. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குங்களா?
வாசகி, பொள்ளாச்சி

இருக்கிறதுங்க. தேய்ப்பதை நிறுத்திவிடுங்கள். அது அழுக்கு இல்லை; தோல் புண்ணாவதுதான் மிச்சம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் தோலின் மடிப்புகளில் செல்களைப் பெருக்குவதால் இந்தத் தடிப்பும் கறுப்பும் வருகின்றன. மாதவிடாய் தள்ளிப்போவதும் பெரும்பாலும் இதே இன்சுலின் கோளாற்றோடு வரும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலாக இருக்கலாம்.

முதல் கடிதத்துப் பையனுக்கு இருந்த அவசரம் இதில் இல்லை. அதற்காக ஆண்டுக்கணக்கில் விடவும் கூடாது. இது, இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்கு இணங்காத டைப் 2 பக்கம் போகும் பாதை. அங்கே தாகமோ எடை குறைவோ தெரியாமலே சர்க்கரை ஏறி நிற்கும். பூப்பெய்தும் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சுலினின் வேலைத்திறன் கொஞ்சம் குறையும். எடையும் குடும்பப் பின்னணியும் உள்ள பிள்ளைக்கு அதுவே தள்ளிவிடும் கையாக ஆகிவிடுகிறது. எடை அதிகமாக இருந்து, குடும்பத்தில் சர்க்கரை, கழுத்துக் கறுப்பு, ரத்த அழுத்தம், அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே 10 வயதிலிருந்து, அல்லது பருவமாற்றம் அதற்கு முன்பே தொடங்கினால் அப்போதிருந்து, பரிசோதிக்கச் சொல்கிறார்கள். இயல்பாக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. எடை ஏறிக்கொண்டே போனால் அதற்கு முன்னாலும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: எட்டு மணி நேரம் வெறும் வயிற்றுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை, கூடவே மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே, எச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் இப்போதைக்கு நிம்மதி. வெறும் வயிற்றில் 126ஐ அல்லது எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டால் சர்க்கரை நோய். ஆனால் அறிகுறி இல்லாத பிள்ளைக்கு ஒரே சீட்டை வைத்து முடிவு கட்டாமல் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள். இடையில் உள்ளவர்கள் விளிம்பில் நிற்பவர்கள். அவர்களுக்குக் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் பரிசோதனை சொல்லலாம். அளவு ஒரு கிலோ எடைக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75 கிராம். உங்கள் மகளுக்கு 75தான். அதற்கு முந்தைய மூன்று நாளும் வழக்கம்போலச் சோறு சாப்பிட வேண்டும். ‘டெஸ்ட் இருக்கே’ என்று பட்டினி போட்டால் முடிவு பொய்யாகும். குடித்ததை வாந்தியெடுத்துவிட்டால் அன்றைய கணக்கு செல்லாது. வேறு நாள் எடுக்க வேண்டும்.

வளரும் பிள்ளை என்பதால் கடும் பத்தியம் வேண்டாம். பாட்டில் பானம், பேக்கரி பன், பாக்கெட் நொறுக்குத் தீனி மூன்றையும் வீட்டுக்குள் வாங்கிவராமல் இருப்பதும், தினம் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாடுவதும் பெரிய மாற்றம். இதை வீட்டில் எல்லோருமாகச் செய்யுங்கள். அவளை மட்டும் தனியே உட்கார வைத்துத் தட்டைக் குறைத்தால் அந்த வயதுப் பெண்ணுக்கு அது தாங்காது. மூன்று நான்கு மாதத்துக்குள் ஒரு குழந்தை மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள்.

தாத்தாவின் குளுக்கோமீட்டரில் விளையாட்டாகப் பார்த்தபோது 12 வயதுப் பேரனுக்கு 216 காட்டியது. தாகம் எதுவும் இல்லை. அப்போதுதான் பலாச்சுளை தின்றிருந்தான்.
வாசகர், குமுளி

கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விரலில் ஒட்டியிருக்கும் பலாச்சாறு ரத்தச் சொட்டோடு கலந்தால் எண் எகிறும்; ஸ்பிரிட் பஞ்சு அதை முழுதாக எடுக்காது. ஸ்டிரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மூடியைத் திறந்து வைத்தால் உங்கள் ஊர் ஈரக்காற்றில் ஸ்டிரிப் கெட்டுவிடும். நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். கழுவிய கையிலும் 140க்கு மேல் இருந்தால் நரம்பு ரத்தம் எடுத்து லேபில் பாருங்கள். 200ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம். எண்ணுக்குப் பதிலாக ‘ஹை’ என்று எழுத்து வந்தால் பெரும்பாலான மீட்டர்களில் 600க்கு மேல் என்று பொருள். அப்போது இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும்.

லேபில் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சின்ன ஊர்களில் ரத்தத்தை எடுத்து, பஸ்ஸில் வேறு ஊருக்கு அனுப்பிப் பார்க்கிறார்கள். சாதாரணக் குழாயில் விட்டால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். சர்க்கரைக்கென்று சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய் இருக்கிறது. அதில்தான் எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

மகனுக்கு 17 வயது, மெலிந்த உடம்பு. சின்ன வயதிலிருந்தே அவ்வப்போது மேல்வயிற்று வலி வந்து குனிந்து உட்கார்ந்துகொள்வான். இப்போது சர்க்கரை 280 இருக்கிறது. மரச்சீனிக்கிழங்கு தின்றதால் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?
வாசகர், மார்த்தாண்டம்

கிழங்கைப் பற்றிய பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. கணையத்தில் கல் விழுந்து, அதனால் இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வருகிற ஒரு வகையைக் கேரளத்தில் 1960களில் மருத்துவர் கீவர்கீஸ் பெரிய எண்ணிக்கையில் பதிவுசெய்தார். ஏழைகளின் சாப்பாடாகக் கிழங்கு இருந்த பகுதி அது. கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருப்பதால் அதன்மேல் சந்தேகம் விழுந்தது. ஆனால் கிழங்கே தின்னாத ஊர்களிலும் இந்த நோய் இருக்கிறது. கிழங்கு தின்ற கோடிக்கணக்கானவர்களுக்கு வரவில்லை. பரம்பரைக் கூறுகளுக்குப் பங்கு இருப்பதும் பின்னால் தெரியவந்தது. கிழங்குதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. தோல் சீவி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் வழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

உங்கள் மகனுக்குப் பொருந்துவது கிழங்கு அல்ல, அந்த வலி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்து, முன்னால் குனிந்தால் தணியும் வலி கணையத்தின் அடையாளம். மலம் எண்ணெய் மினுக்கோடு, நாற்றமாக, தண்ணீரில் மிதக்கிறதா என்று கேளுங்கள். கொழுப்பு செரிக்காததன் அறிகுறி அது. வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்தால் கல் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலோ இதை முழுதாகப் பார்க்க முடியும். இது டைப் 1 என்றோ டைப் 2 என்றோ தவறாக முத்திரை விழுந்தால், செரிமான நொதி மாத்திரை தேவைப்படும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும், எடையும் ஏறாது. மதுவும் புகையும் இந்தப் பையனுக்கு வாழ்நாள் முழுக்க ஆகாது. இப்போதே சொல்லிவிடுங்கள்.

280 என்பதற்காக இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாந்தி, மூச்சிரைப்பு, வேகமாக இளைத்தல் இருந்தால் இன்றே.

இங்கே பழங்குடிப் பிள்ளைகள் விடுதியில் வேலை செய்கிறேன். ஒரு மாணவிக்குத் தாகமும் சோர்வும் இருந்தும் எச்பிஏ1சி 5.4 என்று வந்தது. விட்டுவிடலாமா?
விடுதிக் காப்பாளர், கூடலூர், நீலகிரி

விட வேண்டாம். எச்பிஏ1சி, சிவப்பணுவின் ஆயுட்காலத்தை நம்பி மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை. நீலகிரி, வயநாடு, அட்டப்பாடிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணு ரத்தசோகை, அதாவது சிவப்பணு அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரை நோய், உண்டு. அவர்களின் சிவப்பணு சீக்கிரம் அழிவதால் எண் பொய்யாகக் குறைந்து வரும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் நேர்மாறாகக் கூடுதலாகக் காட்டலாம். தவிர, சில வாரங்களில் வேகமாக வரும் டைப் 1ல் சராசரி எண் பின்தங்கியே இருக்கும். இந்த மாணவிக்கு நேரடி ரத்தச் சர்க்கரையை இன்றே பாருங்கள், சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும் பாருங்கள். அரிவாளணுப் பரிசோதனை செய்யாதிருந்தால் அதையும் சேர்த்துச் செய்யுங்கள். அந்த நோயிலும் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடியாமல் தாகமும் அதிகச் சிறுநீரும் வரும்.

வகுப்பு நடுவில் அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளைகளை எப்படிப் பிரித்தறிவது?
ஆசிரியர், வாளையார் அருகே

முதலில் அனுமதியுங்கள், பிறகு விசாரியுங்கள். தண்ணீர் பாட்டிலை ஒரே பாடவேளையில் காலி செய்கிறார்களா, மதியம் தூங்கி வழிகிறார்களா, சீருடை தொளதொளக்கிறதா என்று இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் பெற்றோரை அன்று மாலையே கூப்பிட்டு, ‘இன்றே சர்க்கரை பாருங்கள்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அறுவடை முடியட்டும், சந்தை நாள் போகட்டும் என்று தள்ளிப்போகும்.

போன வருடம் மகனுக்கு டைப் 1 என்று சொல்லி இன்சுலின் போட்டார்கள். இரண்டு மாதத்தில் அளவு பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு வைத்தியர் சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்து, இன்னும் ஒரு மாதத்தில் ஊசியே வேண்டாம் என்கிறார். நிறுத்தலாமா?
விவசாயி, கம்பம்

நிறுத்தக் கூடாது ஐயா, ஒரு நாள்கூட. இன்சுலின் தொடங்கியதும், மிச்சமிருக்கும் கணையச் செல்களுக்கு ஓய்வு கிடைத்துக் கொஞ்ச காலம் அவை மறுபடி சுரக்கும். அப்போது தேவைப்படும் அளவு குறைவது இயல்பு. சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இது நீடிக்கும். பிறகு அந்தச் செல்களும் அழிந்து, அளவு கூடும். பொடி தின்றாலும் தின்னாவிட்டாலும் இது நடக்கும். இந்த இடைவெளியில்தான் ‘குணமாக்கினேன்’ என்று பலர் பெயர் வாங்குகிறார்கள். முழுதாக நிறுத்தியவர்கள் இரண்டொரு நாளில் மூணாற்றுப் பிள்ளையின் நிலைக்குப் போகிறார்கள்.

1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவன் 14 வயதுச் சிறுவன். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் மாதங்களிலோ ஓரிரு வருடத்திலோ இறந்தார்கள். உணவுக்கும் மூலிகைக்கும் அன்றும் குறைவில்லை.

அளவு குறைந்த இந்த நாட்களில் தாழ் சர்க்கரை வரலாம் என்பதில்தான் கவனம் வேண்டும். 70க்குக் கீழே போனால், அல்லது கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்; 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

கேரளப் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் நாங்கள். மகளுக்குப் புதிதாக டைப் 1. இன்சுலின் செலவுக்கு உதவி எங்கே கிடைக்கும்? வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.
வாசகி, பாறசாலை

கேரள அரசின் சமூகப் பாதுகாப்பு மிஷன், டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கு ‘மிட்டாயி’ என்ற திட்டத்தை நடத்துகிறது. இன்சுலினும் அதற்கான கருவிகளும் பராமரிப்பும் அதில் கிடைக்கின்றன. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் பதிவு செய்யும் வழியைச் சொல்வார்கள். குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று, நோய் உறுதிச் சீட்டு மூன்றின் நகலோடு போங்கள். தகவலுக்குக் கேரளத்தில் 1056ஐ அழைக்கலாம். தமிழகப் பக்கம் இருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசம், தகவலுக்கு 104.

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மண்பானை போதும். மருந்துப் புட்டியை அல்லது பேனாவைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, பாதியளவு தண்ணீர் ஊற்றிய சிறிய பானைக்குள் வையுங்கள். பானையைச் சுற்றி ஈரத்துணி. அடுப்பங்கரையிலோ ஜன்னல் வெயிலிலோ வேண்டாம். திறந்து பயன்படுத்தும் புட்டியை 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கதவுப் பக்கம் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க அப்படியே இருந்தாலும், வேலை செய்யாது.